கொடுத்தவனுக்குக் கட்டம் இல்லை

தாணு,

நாளைக் காலை நீ திருநெல்வேலி பஸ்ஸில் ஏறுகிறாய். அங்கிருந்து ரயில், மறுநாள் மெட்ராஸ். வழியனுப்பும்போது தகப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பது வழக்கம். நம் வீட்டில் தகப்பனும் மகனும் பேசிக்கொள்ள இதுவரை இரண்டு விஷயங்கள்தான் இருந்திருக்கின்றன: வயலுக்குத் தண்ணீர் வந்ததா, நாகர்கோவில் பஸ் வந்ததா. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பதில். மூன்றாவதாக ஒன்றைப் பேச எனக்கு வாய் வராது என்பதால் எழுதுகிறேன். இந்தத் தாள்களை உறையில் போட்டு ஒட்டவில்லை. உன் டிரங்குப் பெட்டியில் சட்டைகளுக்கு மேலேயே வைக்கிறேன். வீட்டில் யார் எடுத்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் அம்மா படிக்கட்டும். உன் அத்தை அவசியம் படிக்கட்டும். மெட்ராஸில் கோலப்பன் கையில் கிடைத்தால் அவனும் படித்துவிட்டுத் திருப்பித் தரட்டும். திருப்பித் தருகிற பழக்கம் அவனுக்கு இதிலிருந்தாவது தொடங்கலாம்.

நீ போவதில் எனக்கு இஷ்டமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்ததில் வருத்தமில்லை. என்ன வேலை என்பதில்தான் வருத்தம். என் அக்காள் மகன் கோலப்பனை அந்த மெட்ராஸ் கம்பெனி வைத்துக்கொண்டிருப்பது அவன் பந்தை வளையத்தில் நன்றாகப் போடுகிறான் என்பதற்காக. இப்போது உன்னைக் கூப்பிடுவது நீ அவனுக்குப் பந்தை நன்றாகக் கொடுக்கிறாய் என்பதற்காக. இதற்கு அவர்கள் குமாஸ்தா உத்தியோகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நானும் குமாஸ்தாதான். வக்கீல் சொல்வதை எழுதி, எழுதியதைக் கொண்டுபோய்க் கோர்ட்டில் கொடுத்து, வக்கீல் ஜெயித்தார் என்று ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறவன். ஆகவே உன் உத்தியோகம் எப்படிப்பட்டது என்று எனக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை.

நம் ஆட்களின் பழைய வழக்கம் உனக்குக் கேள்விப்பட்ட கதை. எனக்கு அது வளர்ந்த வீடு. ஒருவன் வெயிலில் நின்று சேர்த்த வயல் அவன் பிள்ளைக்குப் போகாது. அவன் சகோதரியின் பிள்ளைக்கு, அதாவது மருமகனுக்கு, போகும். பெற்ற பிள்ளைக்கு ஏதோ பிரியப்பட்டுக் கொஞ்சம் கொடுக்கலாம், அவ்வளவுதான். பிறகு சட்டம் வந்தது. நீ பிறப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. சட்டம் சொத்தின் வழியை மாற்றியதே தவிர, ஊர்க்காரர்களின் முகத்தை மாற்றவில்லை. மகனுக்குப் புதுச் சட்டை எடுத்த மாமனை, மருமகன் சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் மதிப்பிட்டது. நான் வேலை பார்த்த இடமோ வக்கீல் ஆபீஸ். மருமகன்கள் மாமன்கள்மேல் போட்ட வழக்குகளை வருஷக்கணக்காக நகல் எடுத்திருக்கிறேன். 'பிரதிவாதி தன் சொந்த மக்களின் நன்மையை மட்டும் கருதி' என்று தொடங்கும் வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த வாக்கியத்தில் பிரதிவாதி என்ற இடத்தில் என் பெயர் வந்துவிடக் கூடாது என்பதுதான் என் வாழ்நாள் லட்சியமாக இருந்தது. மற்றவர்கள் அந்த வயதில் சுதந்திரத்தை லட்சியமாக வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது கிடைத்தது.

உன் அத்தை கைக்குழந்தையோடு தாலியறுத்து நம் வீட்டுக்கு வந்தவள். கோலப்பனுக்குத் தகப்பன் முகம் தெரியாது. அவன் உன்னைவிட ஒரு வயது மூத்தவன், ஒரு முழம் உயரம். இரண்டு பேரையும் ஒரே காலேஜில் சேர்த்தேன். அங்கே செம்மண் தரையில் இரண்டு கம்பத்தை நட்டு, பலாப்பலகையில் வளையத்தை அறைந்து, பாஸ்கட்பால் என்று ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார்கள். வளையத்தில் தொங்கிய வலையைக் குளச்சலிலிருந்து படிக்க வந்த பையன் ஒருவன் வீட்டிலிருந்து பின்னிக்கொண்டு வந்தான் என்று நீ சொன்னபோது, மீன் தப்பிக்கிற மாதிரி அடியில் ஓட்டை விட்டு ஒரு வலையா என்று கேட்டேன். நீ சிரித்தாய். நீ என் பேச்சுக்குச் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான் என்பதால் சொல்கிறேன்.

கோலப்பன் ஃபார்வர்டு, நீ கார்டு என்றார்கள். கார்டு என்றால் காவல்காரன் அல்லவா, எதைக் காக்கிறாய் என்று கேட்டேன். எதிராளி வந்தால் தடுக்க வேண்டும், பந்து நம்மிடம் வந்தால் தட்டிக்கொண்டே மேலே கொண்டுபோய், யார் போடக்கூடிய இடத்தில் நிற்கிறானோ அவனிடம் சேர்க்க வேண்டும் என்றாய். காவல்காரனே சரக்கை எடுத்துக்கொண்டுபோய் இன்னொருவனிடம் சேர்ப்பதைக் கோர்ட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஜெயில் உண்டு. உனக்குக் கைதட்டல்கூட இல்லை.

ஆனால் அந்த வேலைக்கு நீ பிறந்தவன் என்பதை நான் மைதானத்துக்கு வராமலேயே தெரிந்துகொண்டேன். உன் சித்தப்பா மகள் கல்யாணத்தில் நீ சாப்பாடு விளம்பினாய். மற்றப் பையன்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக ஒவ்வோர் இலையாகப் போனார்கள். நீ பந்தலின் ஒரு மூலையில் நின்று ஒரு பார்வை பார்ப்பாய். எந்த இலையில் பருப்பு தீர்ந்தது, எந்தக் கிழவர் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மோருக்குக் காத்திருக்கிறார், யாருக்கு அவியல் போதும் என்று கையை இலைமேல் மறிக்கப்போகிறார், எல்லாம் உனக்குத் தெரிந்தது. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் நீ அங்கே நின்றாய். அன்று எல்லோரும் சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள். சமையல்காரரைப் புகழ்ந்தார்கள். பெண்ணின் தகப்பனைப் புகழ்ந்தார்கள். கடைசிப் பந்தியில் நீ உட்கார்ந்தபோது பாயசம் தீர்ந்துவிட்டது. விளம்பியவன் பெயரை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காலேஜில் சேர்ந்த முதல் வருஷம் டீமில் ஆடுகிறவர்களுக்குக் கான்வாஸ் ஷூ இருந்தால் நல்லது என்று பிசிகல் டைரக்டர் சொல்லி அனுப்பினார். நான் நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் ஒரு கடையில் கோலப்பனுக்கு வாங்கினேன். ஒன்பதாம் நம்பர். உனக்கு வாங்கவில்லை. இரண்டு ஜோடி வாங்க வக்கில்லாமல் இல்லை. அன்றைக்கே உனக்கும் வாங்கினால், மகனுக்கு வாங்கப் போனவன் ஊர் வாயை அடைக்க மருமகனுக்கும் ஒன்று வாங்கினான் என்பார்கள். மறுநாள் வாங்கினால், மருமகனுக்கு ஒன்றைக் காட்டிவிட்டு மகனுக்குத் தனியாக நல்லதாக வாங்கினான் என்பார்கள். இப்படி எந்தக் கிழமையில் வாங்கினாலும் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. நான் வாங்காமலே இருந்துவிட்டேன். வருஷா வருஷம் அவனுக்குப் பழையது கிழிந்தது, புதியது வந்தது. கடைக்காரர் என்னைக் கண்டதும் பெட்டியை எடுத்து வைத்துவிடுவார். நீ வெறுங்காலில் ஆடினாய். உன் அம்மா ஒரு தடவை கேட்டதற்கு, செம்மண் தரையில் வெறுங்கால்தான் பிடிமானம் என்று நீயே சொன்னாய். அதை நான் அப்படியே நம்பினேன். வசதியான சாட்சியம் தானாக வந்து நிற்கும்போது வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

திருவனந்தபுரத்தில் ராஜ்யத்து டீமுக்கு ஆள் எடுக்க ஒரு மாட்ச் வைத்தார்கள். நம் காலேஜிலிருந்து ஒருவனைத்தான் எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எடுபட்டால் பல ஊர்களில் ஆடலாம். அதைப் பார்த்து ரயில்வேயோ போலீசோ கம்பெனியோ வேலைக்குக் கூப்பிடும். அன்று காலை உன் அத்தை அடுக்களையில் எனக்கு இட்லி வைத்தாள். சட்னியை ஊற்றிவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"தம்பி, சட்டம் ஒனக்க மகனுக்கு வயலக் குடுத்தாச்சு. எனக்க மகனுக்கு ஒரு பந்தாவது குடுக்கப்பிடாதா?"

உன் அத்தை பள்ளிக்கூடம் போகாதவள். அவள் மட்டும் வக்கீலாகியிருந்தால் நான் அவளிடம்தான் குமாஸ்தாவாக இருந்திருப்பேன். இட்லியைப் பாதியில் விட்டு எழுந்தேன். பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். கோலப்பன் ஷூ அழுக்காகாமல் இருக்க அதைக் கையில் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றான். நீ வெறும் பையோடு நின்றாய். நான் உன் பக்கத்தில் வந்து, சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மக்கா, இன்னைக்குக் கோலப்பனுக்குக் குடு. அவனுக்கு அப்பன் இல்ல."

நீ "சரிப்பா" என்றாய். உனக்கு இருக்கிறானா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

திருவனந்தபுரத்து மைதானம் சிமெண்டுத் தரை. பகலில் மாட்ச். நீ வெறுங்காலில் ஆடினாய். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கால் இரண்டும் வெந்து பொத்துப்போய், குதிகாலில் நடந்து வந்தாய். உன் அம்மா வெண்ணெய் தடவினாள். கோலப்பனை எடுத்துவிட்டார்கள். அத்தை அன்று பாயசம் வைத்தாள். இந்தத் தடவை உனக்கும் கிடைத்தது.

பிசிகல் டைரக்டர் நல்ல மனிதர். பிறகு ஒரு நாள் கோர்ட்டு வேலையாகப் போன என்னை வழியில் நிறுத்தி, மாட்சின் ஸ்கோர் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். கோலப்பன் பெயருக்கு எதிரே கோடுகள் வேலி அடைத்த மாதிரி நின்றன. உன் பெயருக்கு எதிரே ஒன்றிரண்டு. அவன் போட்டதில் பாதிக்குமேல் இவன் கொடுத்தது சார், என்றார். அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அதற்குக் கட்டம் இல்லையே என்றார். நான் பத்திரம் எழுதுகிறவன். ஊரில் உள்ள எந்த ஏமாளியும் தானப் பத்திரம் எழுதினால்கூட, கொடுத்தவன் பெயர்தான் முதலில் வரும். இன்னாருக்கு இன்னார் எழுதிக் கொடுத்தது என்றுதான் வாசகம். கொடுத்தவனை முழுவதுமாக விட்டுவிட்டு வாங்கினவனை மட்டும் பதிவு செய்கிற ஒரு ரிஜிஸ்தரை நான் முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன். வெள்ளைக்காரன் கண்டுபிடித்த விளையாட்டு என்றார்கள். நான் ஆச்சரியப்படவில்லை.

மறு வருஷம் உனக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது. கோலப்பன் அதற்குள் வேலை கிடைத்து மெட்ராஸ் போய்விட்டதால் நீ மட்டும் போனாய். அப்போது நம் தாலுகாக்கள் எந்த ராஜ்யத்தில் இருக்க வேண்டும் என்று ஊர்வலமும் துப்பாக்கிச் சூடும் முடிந்து, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த சமயம். தேர்வு செய்ய வந்திருந்த பெரியவர் ஒருவர் உன் ஆட்டத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஊர் எது என்று கேட்டாராம். சொன்னாயாம். அடுத்த வருஷம் இவன் ஊரே நம்மிடம் இருக்குமோ என்னவோ, இவனுக்கு எதற்கு ஒரு பனியனைச் செலவழிக்க வேண்டும் என்று மலையாளத்தில் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாராம். உனக்கு மலையாளம் நன்றாகப் புரியும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் சொன்னதில் தவறும் இல்லை. ஐப்பசி பாதியில் ஒரு காலையில் நாம் படுத்த பாயிலேயே எழுந்து மெட்ராஸ் ராஜ்யத்துக்காரர்கள் ஆனோம். ஊரில் வெடி போட்டார்கள். நானும் போய் நின்று பார்த்தேன். தண்ணீர் பேச்சிப்பாறை அணையிலிருந்துதான் வந்தது, பஸ் வரவில்லை.

மெட்ராஸ் போன கோலப்பன் நமக்குக் கடிதம் எழுதவில்லை. அவன் சார்பில் அவன் வக்கீல் எழுதினார். குடும்பச் சொத்தில் தன் தாய்க்கும் தனக்கும் சேர வேண்டியதைப் பிரித்துத் தரும்படி நோட்டீஸ். எங்கள் ஆபீசுக்கு வரும் தபால்களை வாங்கிப் பிரிப்பது என் வேலை. ஆகவே என்மேல் வந்த நோட்டீசை நானே கையெழுத்துப் போட்டு வாங்கி, நானே பிரித்து, நானே வக்கீல் மேஜையில் வைத்தேன். 'தன் சொந்த மக்களின் நன்மையை மட்டும் கருதி' என்ற வாக்கியம் இரண்டாவது பத்தியில் இருந்தது. அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. ஒருவன் தானே சேர்த்ததுதான் அவன் பிள்ளைக்கு, குடும்பச் சொத்தில் சகோதரிக்கும் அவள் பிள்ளைக்கும் பங்கு உண்டு என்பதும் அதே சட்டம்தான். அவன் கேட்டது சரிதான் என்பதால் கோர்ட்டுக்குப் போகாமல் ஆற்றங்கால் ஓரத்து வயலை எழுதிக் கொடுத்தேன். பந்தைக் கொடுத்தால் வயலைக் கேட்க மாட்டான் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன். பந்தை வாங்கிக்கொண்டவன், அடுத்தது என்ன என்று கேட்டான். உன் அத்தை ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு வழக்கம்போல இட்லி வைத்தாள். எங்கே போவாள்?

போன மாதம் கோலப்பன் லீவில் வந்தான். குளச்சலில் கோவில் திருவிழாவை ஒட்டி ஒரு மாட்ச், பழைய காலேஜ் ஆட்கள் சேர்ந்து ஆடப்போகிறார்கள், நீயும் ஆடுகிறாய் என்று தெரிந்தது. அன்று கோர்ட்டு விடுமுறை. நான் முதன்முதலாக உன் ஆட்டத்தைப் பார்க்க வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே மண்ணை இறுக்கிப் போட்ட மைதானம். மழை விட்டிருந்தது. ஒரு பக்கம் மீன் ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள், மறு பக்கம் நீங்கள் ஆடினீர்கள். இரண்டையும் ஒரே கூட்டம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றேன்.

நான் எதிர்பார்த்தது வேறு. நம் வீட்டு மாட்டைப் போல நீ பாரம் இழுப்பாய் என்று நினைத்திருந்தேன். நீ ஆட்டத்தை நடத்தினாய். பந்து உன் கையில் பட்டதும் மற்ற நாலு பேரும் எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். நீ பார்த்தது ஒரு பக்கம், பந்து போனது மறு பக்கம். எதிராளிகள் உன் கண்ணைப் பார்த்து ஏமாந்தார்கள். கல்யாணப் பந்தலில் மூலையில் நின்ற அதே பையன். எனக்கு ஒரு கணம் கர்வமாகக்கூட இருந்தது. அந்தக் கணத்தை இங்கே மறைக்காமல் எழுதிவைக்கிறேன். மற்றதை நம்புவதற்கு அது உதவும்.

கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. பந்து உன்னிடம் வந்தது. நீ இரண்டு பேரை வெட்டிக்கொண்டு வளையத்துக்கு நேர் கீழே போய்விட்டாய். முன்னால் ஒருவரும் இல்லை. குழந்தைகூடப் போட்டுவிடும் என்று எனக்குத் தோன்றியது. நான் வாய்க்குள் "போடு மக்கா" என்றேன். நீ குதித்தாய். குதித்த இடத்திலேயே, திரும்பிப் பார்க்காமல், பந்தைத் தோளுக்குப் பின்னால் விட்டாய். அங்கே கோலப்பன் நின்றான். போட்டான். விசில் ஊதியது. ஜனம் கோலப்பனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏலம் நடந்த இடம் வரைக்கும் போயிற்று. நீ குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாய். என் பக்கத்தில் ஒருவர் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே முழு ஆட்டத்தையும் பார்த்தவர், என்னிடம் திரும்பிக் கேட்டார்.

"அந்தக் குட்டையன் என்னவேய், பந்தப் போட பயப்படுகான்?"

தெரியவில்லை என்று சொன்னேன். என் மகன் என்று சொல்ல ஓர் இடைவெளி இருந்தது. நான் அதைக் கடந்துபோக விட்டேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் நீ என்னைப் பார்த்தாய். கோலப்பன் நண்பர்களோடு தங்கிவிட்டான். நாம் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். இரணியல் தாண்டுகிற வரைக்கும் நான் தண்ணீரைப் பற்றியும் நீ பஸ்ஸைப் பற்றியும் பேசினோம். பிறகு நான் கேட்டுவிட்டேன். திருவனந்தபுரத்துக்குப் போன அன்று காலையில் நான் சொன்ன ஒரு வார்த்தையை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாயா, வயலையும் கொடுத்த பிறகு இனி எதற்காக அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். நீ என்னை ஏதோ புரியாத பாஷை பேசுகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாய்.

"அவன் காலியா நின்னாம்ப்பா. எனக்குப் பொறத்தால ஒருத்தன் சாடிட்டான், நீங்க பாக்கல்ல. நான் போட்டிருந்தா தட்டியிருப்பான்."

"அன்னைக்குத் திருவனந்தபுரத்தில?"

"அன்னைக்கும் அப்படித்தான். நீங்க சொன்னது எனக்கு ஓர்மையே இல்ல."

தாணு, இரண்டு வருஷத்துக்குமேல் நான் ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு நடந்தேன். மகனின் வாழ்க்கையை ஒரு வாக்கியத்தில் கெடுத்தவன் என்பது கேவலமான பதவிதான். ஆனாலும் அது ஒரு பதவி. கெடுத்தவன் என்றாலாவது உன் கதையில் எனக்கு ஓர் இடம் இருந்தது. இரணியலுக்கும் தோட்டியோட்டுக்கும் நடுவில் நீ அதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். நான் சொன்னதை நீ கேட்கவேயில்லை. அவன் காலியாக நின்றான், நீ கொடுத்தாய். அவ்வளவுதான். கெடுத்தது நான் இல்லை, அத்தை இல்லை, சட்டம் இல்லை. யார் காலியாக நிற்கிறான் என்று உனக்குத் தெரிகிறது. அது தெரிகிறவன் கொடுத்துவிடுகிறான். கொடுத்தவனுக்குக் கட்டம் இல்லை.

அல்லது நீ சொன்னது பொய்யாக இருக்கலாம். நான் ஜன்னல் பக்கம் சோர்ந்து உட்கார்ந்திருந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்தக் கிழவருக்கு இப்போது எது வேண்டும் என்று கணித்து, நான் நிமிர்வதற்கு முன்னாலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டாயோ என்று பல நாள் யோசித்தேன். கோர்ட்டில் இத்தனை வருஷம் சாட்சிகளைப் பார்த்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியென்றால் நீ நல்ல கார்டுதான்.

அடுத்த நாள் கோலப்பன் நம் வீட்டில் சாப்பிட்டான். நோட்டீஸ் அனுப்பியவன் இலையில் உன் அம்மா தன் கையால் அவியல் விளம்பினாள். அவன் மோர் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"மாமா, தாணு இல்லாம அங்க எனக்குப் பந்தே வரல்ல. எல்லாவனும் அவனவனே போடுகானுவ. மானேஜர்ட்ட சொல்லி இவனுக்கு ஒரு வேலை வாங்கிட்டேன்."

அவன் கெட்டவன் இல்லை என்பதைக் கவனித்தாயா? எனக்கு அதுதான் தாங்க முடியாத விஷயம். அவனுக்கு நோட்டீஸ் வேறு, சாப்பாடு வேறு, பந்து வேறு. எதுவும் எதையும் தொடுவதில்லை. பசித்தால் கையை நீட்டுகிறான், ஏதாவது வந்து விழுகிறது. அவனுக்கு வெட்கம் தோன்றாதது அவன் குற்றமில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் கை நீளுவதற்கு முன் நாம் போட்டுக்கொண்டிருந்தோம். நீ ஒரு நொடிகூட யோசிக்காமல் "வாறேன் அத்தான்" என்றாய். அத்தை அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் அம்மா மறுபடியும் பாயசம் வேண்டுமா என்று அவனிடம்தான் கேட்டாள்.

ஆகவே புத்திமதி. மற்றத் தகப்பன்மார் மகன்களுக்குக் கொடுக்கச் சொல்லி எழுதுவார்கள். விட்டுக் கொடு, பகிர்ந்து கொடு, பெரியவர்களுக்கு மரியாதை கொடு. நீ இவற்றில் எல்லாம் ஏற்கெனவே தேறிவிட்டாய். உனக்கு நான் எழுத வேண்டியது எதிர்ப் பாடம். மாசத்தில் ஒரு மாட்சிலாவது, அவன் காலியாக நிற்பது தெரிந்தும், நீ போடு. தவறினால் தவறட்டும். டீம் தோற்றால் தோற்கட்டும். கம்பெனி நஷ்டப்பட்டுவிடாது. அவன் உன்னைப் பார்த்து முகம் சுளிப்பான். அந்தச் சுளிப்பை நன்றாகப் பார்த்து எனக்கு எழுது. தனக்கு வர வேண்டியது வரவில்லை என்று அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இந்த வயதில் ஓர் ஆசை. ஆபீசில் நீ எழுதியதில் உன் கையெழுத்தைப் போடு. விருந்தில் முதல் பந்தியில் உட்கார். நீ இதில் ஒன்றையும் செய்ய மாட்டாய் என்று தெரியும். எழுதிவைப்பது என் தொழில், நடக்கும் என்று நம்புவது என் தொழிலில் சேராது.

கடைசியாக ஒன்று. பெட்டிக்குள் அடியில், போர்வைக்குக் கீழே, ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ இருக்கிறது. நேற்று மணிமேடைப் பக்கத்துக் கடையில் உனக்காக வாங்கினேன். உனக்காக என்று நினைத்துக்கொண்டுதான் படியேறினேன். கடைக்காரர் என்னைக் கண்டதும், "பதிவு சைஸ், ஒம்பதுதானே அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இன்று காலை நீ கிணற்றடியில் குளித்துவிட்டுப் போன பிறகு சிமெண்டில் ஈரக் காலடி இருந்தது. ஷூவைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்னால் இரண்டு விரல் மிச்சம். ஒன்பதாம் நம்பர் கோலப்பன் கால். உன் கால் என்ன நம்பர் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஈரம் காய்வதற்குள் ஒரு குச்சியை எடுத்து அளந்து வைத்திருக்கிறேன். ஆனால் இனி மாற்ற நேரமில்லை, நாளைக் காலை பஸ்.

அவனுக்குச் சரியாக இருக்கும். அவனுடையது இப்போது கிழிந்தும் இருக்கும். நீ ஷூவைக் கையில் எடுத்ததும் உனக்கு அதுதான் முதலில் தோன்றும். கொடுத்துவிடாதே. முன்னால் பஞ்சை வைத்து அடைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டி, நீயே போட்டுக்கொள். காலில் நிற்காமல் வழுக்கும், உன்னால் பழையபடி ஓட முடியாது. பரவாயில்லை. ஓட முடியாவிட்டால் நின்ற இடத்தில் நின்று, பந்தை நீயே போடு.

அப்பா